போக்குவரத்துத் திட்டம் ஒரு நகரை வளர்க்குமா? திட்ட அறிக்கையைப் படித்து மதிப்பிடும் முறை

ஒரு நகரத்திற்கு மெட்ரோ தடமோ, சுற்றுச்சாலையோ, மேம்பாலமோ முன்மொழியப்படும்போது, உடன் வரும் அறிக்கையில் 'பொருளாதார வளர்ச்சிக்கு வழிவகுக்கும்' என்ற வரி தவறாமல் இடம்பெற்றிருக்கும். அந்த வரி ஆய்ந்து எழுதப்பட்டதாகவும் இருக்கலாம், வெறும் சடங்காகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று கண்டறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு வரைபடமும், சேவை நேர அட்டவணையும், எளிய கூட்டல் கழித்தலும், சரியான வரிசையில் எழுப்பப்படும் சில கேள்விகளும் போதும். மன்ற உறுப்பினர்கள், நகரத் திட்டமிடல் பயிலும் மாணவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், இதழாளர்கள் ஆகியோர் அந்த மதிப்பீட்டைத் தாங்களே செய்து பார்ப்பதற்கான முறை இங்கே தரப்படுகிறது.

பயணம் முதலில், ஊர்தி பிறகு

பெரும்பாலான அறிக்கைகள் ஊர்தியில் தொடங்குகின்றன. 'இந்நகருக்கு மெட்ரோ தேவை' என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கான காரணங்களை அடுத்த இருநூறு பக்கங்களில் தேடுகின்றன. அவ்வரிசையை நீங்கள் மாற்ற வேண்டும். யார், எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில் செல்ல வேண்டியிருக்கிறது, இப்போது அது ஏன் இயலவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'வடக்குப் புறநகரில் வாழும் ஆலைத் தொழிலாளர்கள் காலை 6 மணிப் பணிமுறைக்குச் சென்று சேர வழியில்லை, ஏனெனில் முதல் பேருந்தே 6.15 மணிக்குத்தான் புறப்படுகிறது' என்று எழுதினால், தீர்வு ஒரு கூடுதல் பேருந்துச் சேவை என்பதும் மேம்பாலம் அல்ல என்பதும் அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். இப்படி எழுத முடியாத திட்டங்களும் உண்டு. அவற்றை நோக்கமற்றவை என்று உடனே தள்ளிவிட முடியாது என்றாலும், அவற்றின் மீது கூடுதலாக ஐயம் கொள்வது நியாயமே.

வேகத்தை அல்ல, எட்டக்கூடியதை அளத்தல்

போக்குவரத்து எவ்வாறு பொருளாதாரத்தை வளர்க்கிறது என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நகரம் என்பது அடிப்படையில் ஒரு பெரிய வேலைச்சந்தை. ஒரு தொழிலாளி ஏற்கத்தக்க நேரத்திற்குள் சென்றடையக்கூடிய வேலைகள் பெருகினால், தன் திறனுக்கு ஏற்ற வேலை அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பும் பெருகுகிறது. ஒரு நிறுவனம் ஈர்க்கக்கூடிய தொழிலாளர்களின் வட்டம் விரிந்தால், அதன் உற்பத்தித்திறனும் உயர்கிறது. உதிரிப் பொருள் தருவோர், பழுது பார்ப்போர், கணக்கர்கள், போட்டியாளர்கள் எல்லோரும் எட்டும் தொலைவில் இருப்பதால் விளையும் நன்மைகளும் இதனுடன் சேர்கின்றன. ஆகவே அளக்க வேண்டியது ஊர்தி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பதை அல்ல. மனிதர்கள் எத்தனை வேலைகளையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எட்ட முடிகிறது என்பதையே. இந்த அளவைத் திட்டமிடலாளர்கள் அணுகல் என்கின்றனர். 1959 இல் வால்டர் ஹேன்சன் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது துறையில் வேரூன்றியது.

அணுகலைக் கணக்கிடும் வழி கடினமானதன்று. நகரின் வெவ்வேறு பகுதிகளில் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றுள் வருமானம் குறைந்தோர் வாழும் பகுதிகள் சரிபாதியாவது இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் 45 நிமிடங்களுக்குள் எட்டக்கூடிய எல்லையை வரைபடத்தில் குறியுங்கள். அந்த நேரத்தை வீட்டு வாசலிலிருந்து பணியிட வாசல் வரை கணக்கிட வேண்டும்: நடப்பது, காத்திருப்பது, ஏறி இறங்குவது, மீண்டும் காத்திருப்பது அனைத்தும் அதில் அடங்கும். எல்லைக்குள் உள்ள வேலைகளின் எண்ணிக்கையைப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்தோ, அது இல்லாவிட்டால் நிறுவனப் பதிவுகளிலிருந்தோ கூட்டிக்கொள்ளுங்கள். பின்னர் முன்மொழியப்பட்ட திட்டம் நிறைவேறியதாகக் கொண்டு அதே கணக்கை மறுபடி செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே திட்டத்தின் முதன்மைப் பயன்.

இந்தக் கணக்கைச் செய்பவர்கள் எதிர்பாராத முடிவுகளைச் சந்திப்பதுண்டு. எடுத்துக்காட்டாக, 8 கிலோமீட்டர் தொலைவுள்ள, இடையில் ஒருமுறை பேருந்து மாற வேண்டிய ஒரு பயணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நடைக்கு 8 நிமிடம். சேவை இடைவெளி 20 நிமிடம் என்றால் சராசரிக் காத்திருப்பு அதில் பாதியாக 10 நிமிடம், இரண்டு பேருந்துகளுக்கும் சேர்த்து 20 நிமிடம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டத்திற்கு 30 நிமிடம். ஆக மொத்தம் 58 நிமிடம். பெரும் செலவில் சாலையை அகலப்படுத்திப் பேருந்தின் வேகத்தை 20 கிலோமீட்டராக உயர்த்தினால் ஓட்ட நேரம் 24 நிமிடமாகி, மொத்தப் பயணம் 52 நிமிடத்தில் நிற்கும். சாலையைத் தொடாமல், பேருந்துகளை இரட்டிப்பாக்கி இடைவெளியை 10 நிமிடமாகக் குறைத்தால், காத்திருப்பு இரண்டுமுறையும் 5 நிமிடமாகி, மொத்தம் 48 நிமிடமாகும். காத்திருக்கும் ஒரு நிமிடம் ஓடும் பேருந்தில் அமர்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட நீளமாகப் பயணிகளுக்குத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளியைக் குறைப்பதன் மதிப்பு இன்னும் கூடும். அடிக்கல் நாட்டுவதற்கு வாய்ப்பளிக்காத காரணத்தால்தானோ என்னவோ, இத்தகைய தீர்வுகள் அறிக்கைகளில் அரிதாகவே முதலிடம் பெறுகின்றன.

'மிச்சமாகும் நேரம்' என்ற தலைப்பில் அறிக்கைகள் தரும் பெரிய தொகையையும் எச்சரிக்கையுடன் அணுகுங்கள். பல சமூகங்களில் மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அளவிலேயே பயணத்திற்குச் செலவிடுகின்றனர் என்றும், வேகம் கூடும்போது அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதைவிடத் தொலைவை நீட்டிக்கொள்கின்றனர் என்றும் நீண்டகாலத் தரவுகள் காட்டுகின்றன. அதனால் நன்மை இல்லை என்று பொருளாகாது. அது மலிவான வீடாகவோ, நல்ல வேலையாகவோ, ஏறிய நில மதிப்பாகவோ உருமாறுகிறது. அந்த உருமாற்றத்தில் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அறிக்கை சொல்கிறதா என்று பாருங்கள்.

சாலைத் திட்டமாயின் கூடுதல் சோதனை

சாலையின் திறனை வாகனங்களில் அல்லாமல் மனிதர்களில் எண்ண வேண்டும். கார்கள் நிறைந்த ஒரு நகர்ப்புறச் சாலைத்தடத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 600 முதல் 1,600 பேர் வரை செல்ல முடியும். அதே அகலத்தை, அடிக்கடி ஓடும் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை செல்ல முடியும்.

அடுத்ததாக, அகலப்படுத்திய சாலை எத்தனை ஆண்டுகளில் மீண்டும் நிரம்பும் என்று கேளுங்கள். இக்கேள்விக்கு அறிக்கையில் விடை இல்லையென்றால், அதன் நெரிசல் கணிப்புகளை நம்ப வேண்டியதில்லை. புதிய சாலை புதிய பயணங்களைத் தோற்றுவிக்கிறது: முன்பு நெரிசலுக்கு அஞ்சித் தவிர்த்தவர்கள் வருகின்றனர், தொடர்வண்டியில் சென்றவர்கள் காருக்கு மாறுகின்றனர், சாலையை நம்பித் தொலைவில் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. அமெரிக்க மாநகரப் பகுதிகளின் 20 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஜில் டுரன்டன், மேத்யூ டர்னர் என்ற பொருளியலாளர்கள், மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் அவற்றில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்று 2011 இல் காட்டினர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கேட்டி விரைவுச்சாலை 2008 இல் விரிவாக்கப்பட்டபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் வரை அகன்றது. சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயண நேரம் மீண்டும் நீளத் தொடங்கியது.

மறுபுறத்தையும் காண வேண்டும். தென்கொரியாவின் தலைநகரான சோல் தன் மையத்தில் செங்கேசான் ஓடையின் மீது கட்டப்பட்டிருந்த உயர்நிலை விரைவுச்சாலையை 2003 இல் இடிக்கத் தொடங்கி, 2005 இல் அந்த ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டது. இடையில், 2004 இல், பேருந்துச் சேவையை முற்றிலும் மறுசீரமைத்துச் சாலை நடுவே தனித்தடங்களை அமைத்தது. எதிர்பார்க்கப்பட்ட போக்குவரத்துப் பேரழிவு நிகழவில்லை. ஓடையின் இரு கரைகளிலும் நில மதிப்பு உயர்ந்தது. சாலையை அகற்றுவது எங்கும் சரி என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடமன்று. மாற்று வழியைக் கூடவே தந்ததுதான் அங்கே வெற்றிக்குக் காரணம்.

நெரிசலைக் குறைப்பதே நோக்கமெனில், சாலைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் விதிப்பது ஒரு மாற்றாகப் பரிசீலிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். சிங்கப்பூர் 1975 இலும், லண்டன் 2003 இலும் நகர மையத்தில் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கின. ஸ்டாக்ஹோம் 2006 இல் முதல் ஏழு மாதங்கள் சோதனையாக நடத்தியது. கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன, பின்னர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, 2007 இல் அது நிலையான ஏற்பாடாயிற்று. முதலில் சோதித்துப் பிறகு முடிவு செய்யும் இந்த வரிசை மற்ற திட்டங்களுக்கும் பொருந்தும்.

நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம்

திட்ட மதிப்பீட்டில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும், என் கருத்தில் மிகுதியான நேரம் செலவிடப்பட வேண்டியதும் இந்தப் பகுதிதான். தொடர்வண்டி நிலையம் தானாகவே எதையும் வளர்ப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், எத்தனை வாகன நிறுத்திடங்கள் கட்டாயம் என்ற விதிகள் மாறாவிட்டால், நிலையத்தின் முன் வெற்று நிலமும் வாகன நிறுத்துமிடமுமே எஞ்சும்.

செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு நிலையத்தையும் மையமாக வைத்து, பத்து நிமிட நடைத் தொலைவான ஏறத்தாழ 800 மீட்டர் வட்டத்தை வரையுங்கள். அதற்குள் நிலப் பயன்பாட்டு விதிகள் என்ன சொல்கின்றன என்று நகரின் முழுமைத் திட்டத்தில் பாருங்கள். அரசு நிலம் எவ்வளவு இருக்கிறது, அது யார் வசம் இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு அந்த வட்டத்தை நேரில் நடந்து பாருங்கள். நெடுஞ்சாலையோ, சுற்றுச்சுவரோ, கழிவுநீர்க் கால்வாயோ குறுக்கிட்டால், வரைபடத்தில் 800 மீட்டர் என்று தெரிவது நடையில் இரண்டு கிலோமீட்டராக இருக்கும். நடைபாதையும் பாதுகாப்பான சாலைக் கடப்பும் இல்லாத நிலையத்தின் வட்டம் உண்மையில் மிகச் சிறியது.

இதைச் சரியாகச் செய்த நகரங்கள் போக்குவரத்தையும் நில விதியையும் ஒரே திட்டமாகவே எழுதின. கோபன்ஹேகனின் 1947 ஆம் ஆண்டு 'விரல் திட்டம்' நகர் விரிவைப் புறநகர்த் தொடர்வண்டித் தடங்களை ஒட்டிய ஐந்து விரல்களுக்குள் நிறுத்தி, இடைப்பட்ட நிலத்தைப் பசுமையாக விட்டது. இன்றும் அங்கே பெரிய அலுவலகக் கட்டடங்கள் பொதுவாக நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்பது விதி. பிரேசிலின் குரிச்சிபா 1974 முதல் விரைவுப் பேருந்துத் தடங்களை அமைத்தபோது, உயரமான கட்டடங்களுக்கான அனுமதியை அந்தத் தடங்களின் ஓரத்திலேயே குவித்தது. பயணிகள் இல்லையே என்ற கவலை எழாதபடி பயணிகளையே தடத்தின் அருகில் குடியமர்த்தியது எனலாம். ஹாங்காங்கின் மெட்ரோ நிறுவனம் நிலையங்களுக்கு மேலும் அருகிலும் உள்ள நிலத்தின் கட்டுமான உரிமையை, தடம் வருவதற்கு முந்தைய மதிப்பில் அரசிடமிருந்து பெற்று, தடம் வந்த பின் உயர்ந்த மதிப்பில் வருவாய் ஈட்டிக் கட்டுமானச் செலவை ஈடுசெய்கிறது.

வரிசை தவறினால் நேர்வதற்கு லண்டனின் கேனரி வார்ஃப் சான்று. கைவிடப்பட்ட கப்பல்துறைகளில் 1987 இல் திறக்கப்பட்ட இலகு ரயில், அங்கே எழுந்த அலுவலகக் கோபுரங்களுக்குப் போதுமானதாக இல்லை. அக்கோபுரங்களைக் கட்டிய நிறுவனம் 1992 இல் திவாலானதற்குச் சொத்துச் சந்தை வீழ்ச்சியோடு போதிய இணைப்பு இன்மையும் ஒரு காரணமாயிற்று. சுரங்க ரயிலின் ஜூபிலி தடம் 1999 இல் வந்து சேர்ந்த பிறகே அப்பகுதி முழு வலிமை பெற்றது.

நில மதிப்பு உயரும்போது வாடகையும் உயர்கிறது. ஏற்கெனவே அங்கே வாழும் வாடகைதாரர்கள் வெளியேற நேர்ந்தால், அணுகல் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களே அதை இழப்பார்கள். எனவே வட்டத்திற்குள் உள்ள அரசு நிலத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கான பங்கு தடம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அறிவிப்புக்குப் பின் ஒதுக்குவது பல மடங்கு செலவு பிடிக்கும்.

புதிய வளர்ச்சியா, இடம் மாறிய வளர்ச்சியா

புதிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஆலைகள் எழுவதைக் கண்டு எல்லாம் புதிதாகப் பிறந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றுள் சில பக்கத்து வட்டாரத்திலிருந்து பெயர்ந்து வந்தவை. இந்தியாவின் தங்க நாற்கரச் சாலை மேம்பாட்டை ஆராய்ந்தவர்கள், சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் தெளிவாக வளர்ந்ததைக் கண்டனர். ஆனால் சீனத்தின் தேசிய விரைவுச்சாலை வலையமைப்பு பற்றிய ஓர் ஆய்வு, பெருநகரங்களை இணைப்பதற்காகப் போடப்பட்ட சாலை வழியில் அமைந்த சிறு வட்டாரங்களில் தொழில் வளர்ச்சி, இணைக்கப்படாத வட்டாரங்களைவிடக் குறைந்ததைக் காட்டியது. சாலை இரு திசையிலும் செல்கிறது. சிற்றூரின் பொருள் பெருநகருக்குப் போகும் அதே வழியில் பெருநகரின் மலிவான பொருளும் சிற்றூருக்கு வருகிறது. ஆகையால், அறிக்கை கூறும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையைத் தடத்தை ஒட்டிய பகுதிக்கு மட்டுமின்றி மண்டலம் முழுமைக்கும் கேளுங்கள்.

சரக்கு

நகர்ப்புறத் திட்டங்களில் சரக்குக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை, ஆயினும் நகரம் உண்பதும் விற்பதும் அதன் வழியாகத்தான். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கொள்கலன்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு எடுத்துச் சென்ற பிறகு, சில பத்தாண்டுகளுக்குள் நகர மையங்களில் இருந்த பழைய துறைமுகங்கள் பரந்த நிலமும் ஆழமான நீரும் உள்ள இடங்களிடம் தொழிலை இழந்தன. உங்கள் திட்டத்திலும், கிடங்குகள் எங்கே நகரும், சுமையுந்துகள் எந்த நேரத்தில் எங்கே நின்று சரக்கை இறக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்காவது விடை இருக்க வேண்டும்.

செலவும் பயணிகள் கணிப்பும்

இங்கே மிகக் கண்டிப்பாக இருங்கள். பென்ட் ஃப்ளூபியர்க் தலைமையிலான ஆய்வாளர்கள் 20 நாடுகளைச் சேர்ந்த 258 திட்டங்களை ஆராய்ந்ததில், ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 விழுக்காடும், சாலைத் திட்டங்களின் செலவு 20 விழுக்காடும் கூடியிருந்தது. அவர்களது மற்றோர் ஆய்வில், ரயில் பயணிகளின் எண்ணிக்கை கணிப்பில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தது. ஆகவே ரயில் திட்டமாயின் அறிக்கையிலுள்ள செலவை 1.45 ஆல் பெருக்கி, பயணிகளைப் பாதியாக்கி, நன்மைக்கும் செலவுக்குமான விகிதத்தை மறுபடி கணக்கிடுங்கள். அப்போதும் நன்மை மிகுந்திருக்கும் திட்டம் வலிமையானது. அப்போது சரிந்துவிடும் திட்டத்தை முன்மொழிபவர்களிடம், தங்கள் மதிப்பீடு ஏன் விதிவிலக்கு என்பதற்கான ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள். அனுபவமும் நிதியும் மிக்க லண்டனின் எலிசபெத் ரயில் தடமே 2018 டிசம்பரில் திறக்கத் திட்டமிடப்பட்டு, 2022 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது.

கட்டுமானச் செலவு ஒருமுறை வருவது. இயக்கச் செலவு ஆண்டுதோறும் வருவது. ஓட்டுநர், மின்சாரம், பராமரிப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பெட்டிகளை மாற்றுதல் ஆகியவற்றுக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பயணக் கட்டணம் மட்டுமே என்றால், கட்டணம் உயரும்போது யார் பேருந்தைவிட்டு நடக்கத் தொடங்குவார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நிலமுடையோர் பெறும் ஆதாயத்தில் ஒரு பகுதியை வரியாகத் திரும்பப் பெறும் வழியும் உண்டு. எலிசபெத் தடத்திற்காக லண்டனில் 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் சொத்து வரியுடன் ஒரு கூடுதல் வரி பெறப்படுகிறது.

யாருக்குப் பயன் என்று பிரித்துப் பார்த்தல்

சராசரி எண் பலவற்றை மறைத்துவிடும். முன்பு கணித்த அணுகலைப் பகுதிவாரியாகவும், இயன்றால் வருமானவாரியாகவும் பிரித்து வையுங்கள். உச்ச நேரத்தில் நகர மையத்தை நோக்கிச் செல்லும் நேர்கோட்டுப் பயணத்தை மட்டுமே கணக்கில் கொள்ளும் அறிக்கைகள், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குச் சென்று, பகுதிநேர வேலைக்குப் போகும் தொடர்பயணங்களைக் காண்பதில்லை. இவ்வகைப் பயணங்களை மிகுதியும் மேற்கொள்பவர்கள் பெண்கள். சக்கர நாற்காலியில் வருபவர் தெருவிலிருந்து நடைமேடை வரை ஒரு படியும் ஏறாமல் செல்ல முடியுமா என்பதை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். கொலம்பியாவின் மெடலின் நகரம் 2004 இல் மலைச்சரிவிலுள்ள ஏழைக் குடியிருப்புகளுக்குக் கம்பிவட ஊர்தி அமைத்தபோது, அதை மெட்ரோவுடன் நேரடியாக இணைத்தது. நூலகம், பூங்கா, பள்ளி முதலியவற்றையும் அப்பகுதிகளில் கட்டியது. கம்பிவடத்தை மட்டும் நகல் எடுத்த நகரங்கள் சுற்றுலா ஊர்தியோடு நின்றுவிட வாய்ப்புண்டு.

முதல் தூண் எழுவதற்கு முன்

மதிப்பீட்டின் கடைசிப் பணி கட்டுமானத்துக்கு முன்பே செய்ய வேண்டியது: இன்றைய நிலையைப் பதிவு செய்தல். தடம் வரவிருக்கும் பகுதியிலும், மக்கள்தொகை, வருமானம், மையத்திலிருந்து தொலைவு ஆகியவற்றில் அதை ஒத்திருந்தும் தடம் வராத இன்னொரு பகுதியிலும், வாடகை, வணிக நிறுவனங்களின் எண்ணிக்கை, பயண நேரம், 45 நிமிட அணுகல் ஆகிய நான்கையும் ஒரே மாதத்தில் அளந்து வையுங்கள். நில மதிப்பு அறிவிப்பு வெளியான அன்றே ஏறத் தொடங்கும் என்பதால், அறிவிப்புக்கு முந்தைய பத்திரப் பதிவு விலைகளையும் திரட்டிக்கொள்ளுங்கள். பயணிகளின் எண்ணிக்கையைத் திறப்புக்கு ஓராண்டு கழித்து ஒப்பிடலாம். கட்டடங்களும் நிறுவனங்களும் இடம்பெயர ஐந்து முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அவற்றின் கணக்கை அப்போது மீண்டும் எடுக்க வேண்டும். அதற்கான நிதியையும் பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயரையும் திட்ட ஒப்புதல் தீர்மானத்திலேயே சேர்க்குமாறு கேளுங்கள்.